புயல் வெள்ளம் வந்தா லாரி அனுப்பலாமா, பணம் அனுப்பலாமா, நேர்ல போகலாமா?

ஒவ்வொரு நவம்பர் டிசம்பரும் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான் வரும். அங்க வெள்ளமாம், நாம என்ன அனுப்பலாம்? உடனே ஒருத்தர் பழைய துணி இருக்கும்பார், ஒருத்தர் பிரட் வாங்கலாம்பார், இன்னொருத்தர் எங்கயோ வந்த க்யூஆர் கோடை ஃபார்வர்ட் பண்ணுவார். எல்லாருக்கும் நல்ல மனசுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எதைக் குடுத்தா போய்ச் சேருது, எது பாதி வழியில வீணாப் போகுதுங்கறதை நான் ரெண்டு பக்கமும் நின்னு பாத்திருக்கேன். 2015ல சென்னையும் கடலூரும் மூழ்கினப்ப சாமான் சேத்து அனுப்பின கூட்டத்துல நானும் ஒருத்தன். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப, பேராவூரணி பக்கத்துல இருக்குற எங்க ஊரு முழுக்க வாங்குற பக்கம் நின்னுச்சு. அதை வச்சுத்தான் இதை எழுதுறேன்.

சாமான்ல இருந்தே ஆரம்பிக்கிறேன், முக்கால்வாசி பேருக்கு முதல்ல தோணுறது அதுதான். கஜா அடிச்ச அஞ்சாம் நாள் எங்க தெருவுக்கு ஒரு வண்டியில துணி மூட்டை வந்துச்சு. அம்மா பிரிச்சாங்க, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். மேல ஜிகினா வச்ச ஒரு பாவாடை, அதுக்குக் கீழ ஜிப் போன ஜீன்ஸ் நாலு, ஒரு ஸ்வெட்டர், காலர் கிழிஞ்ச சட்டை, அடியில ஒத்தைச் செருப்பு. அம்மா ஒண்ணும் சொல்லல, அந்த ஸ்வெட்டரை மட்டும் மடிச்சு திண்ணையில வச்சாங்க, மீதி மூட்டையை மறுபடி கட்டிட்டாங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்கு ஓடு இல்ல. மேல போடுறதுக்கு ஒரு தார்ப்பாய் கிடைச்சா போதும்னு அப்பா மூணு நாளா அலைஞ்சுக்கிட்டு இருந்தார்.

இது எங்க ஊரு கதை மட்டும் இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் போனவங்க யாரைக் கேட்டாலும் ரோட்டோரமா குவிஞ்சு கிடந்த பழைய துணியைத்தான் சொல்லுவாங்க, மீனவர் வீடுகள்ல யாரும் அதைத் தொடல, தன்மானம்னு ஒண்ணு இருக்குல்ல. 2024 ஜூலை 30 வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை ரெண்டும் மண்ணுக்குள்ள போனப்பவும் பழைய துணி அனுப்பாதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியிருந்துச்சு. துணியைப் பிரிக்கவும், அடுக்கவும், வேணாம்னா அள்ளிப் போடவும் அங்க ஆள் வேணும், இடம் வேணும், அந்த ஆளும் இடமும் அந்த நேரத்துல வேற வேலைக்குத் தேவைப்படும்.

காசு கணக்கும் பாருங்க. 2015ல நாங்க கடலூருக்கு அனுப்பின வண்டிக்கு வாடகை, டீசல், டோல்னு 11,000 ரூபா ஆச்சு. உள்ள இருந்ததுல பாதி பழைய துணி, மீதி பிஸ்கட், தண்ணி பாட்டில், பிரட். பிரட்டுல பாதி போய்ச் சேர்றதுக்குள்ள பூஞ்சை பிடிச்சிருந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த 11,000க்கு கடலூருக்குப் பக்கத்துலயே பாய், போர்வை, பக்கெட்டுனு புதுசா வாங்கியிருந்தா எத்தனை வீட்டுக்கு ஆகியிருக்கும், அந்த ஊரு கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகியிருக்கும். கஜா நேரத்துலயும் திருச்சி காந்தி மார்க்கெட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அங்க இருந்து எங்க ஊருக்கு மூணு மணி நேரம். சென்னையில இருந்து அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு வர்றதுக்கு அவசியமே இல்ல.

அப்போ சாமானே அனுப்பக் கூடாதான்னா, அப்படி இல்ல. பக்கத்துல இருக்குறவங்க, முதல் ரெண்டு நாள்ல, சமைச்ச சாப்பாடு குடுக்குறதை வேற எந்த உதவியாலும் ஈடு கட்ட முடியாது. 2023 டிசம்பர் 17, 18ல தூத்துக்குடி மாவட்டமே தண்ணியில கிடந்துச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழை. அப்ப திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிச்சு, நூத்துக்கணக்கான பேர் உள்ள. அவங்களுக்கு முதல்ல சோறு போட்டது பக்கத்துல இருக்குற புதுக்குடி ஊர்க்காரங்க, வெள்ளத்துல அவங்களுக்கும் கஷ்டம்தான், இருந்தாலும் இருக்குற அரிசியைப் போட்டு கோயில்ல பொங்கினாங்க. அந்த நேரத்துல நம்ம பணம் எவ்ளோ வேகமாப் போனாலும் அங்க சோறா மாறாது.

தூரத்துல இருந்து சாமான்தான் அனுப்புவேன்னா, அங்க இருக்குற ஒரு ஆளுக்கு போன் பண்ணி கேட்டுட்டு, கேட்டதை மட்டும், புதுசா, ஒரே வகையா அனுப்புங்க. ஒரு வண்டி முழுக்க தார்ப்பாய், இல்ல ஒரு வண்டி முழுக்க நாப்கின். கலந்து கட்டி அனுப்புற மூட்டைதான் கடைசி வரைக்கும் பிரிக்காமக் கிடக்கும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் தேவையே வேற வேற. கஜாவுல எங்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, டார்ச், அப்புறம் மரம் அறுக்குற மெஷின். லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் சாய்ஞ்சு கிடந்துச்சு, கரண்ட் இல்லன்னா மோட்டார் இல்ல, மோட்டார் இல்லன்னா குடிக்கவே தண்ணி இல்ல. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வந்து ஊர் தொட்டிக்கு தண்ணி ஏத்தினோம், வீட்டுக்கு இவ்ளோன்னு பிரிச்சுக்கிட்டோம். ஒரு ஜெனரேட்டரையும் நாலு கேன் டீசலையும் யாராவது அனுப்பியிருந்தா அது நூறு மூட்டைத் துணிக்கு மேல. வெள்ளம்னா அப்படி இல்ல, தண்ணி வடிஞ்ச அன்னைக்கு வேண்டியது மண்வெட்டி, தொடப்பம், பிளீச்சிங் பவுடர், பினாயில், பாய், போர்வை, கேஸ் அடுப்பு. உள்ளாடை, நாப்கின், டயப்பர் ரெண்டுக்குமே வேணும், ஆம்பளைங்க மட்டும் உக்காந்து லிஸ்ட் போட்டா இதெல்லாம் விட்டுப் போகும், அதனால லிஸ்டை வீட்டுல இருக்குற பொம்பளைங்ககிட்ட ஒரு தடவை காட்டிருங்க. இன்னொண்ணு யாருக்குமே தோணாது, வைக்கோல். மாடு வச்சிருக்குற வீட்டுல போர் நனைஞ்சு அழுகிருச்சுன்னா மாட்டை வந்த விலைக்கு விக்கிறதைத் தவிர வழி கிடையாது.

இன்னொரு விஷயம் மனசை உறுத்துறது. நிவாரண வண்டி எல்லாமே மெயின் ரோட்டுலதான் நிக்கும். உள்ள வர்ற பாதையில மரம் விழுந்து கிடக்கும், டிரைவருக்கு வழி தெரியாது, ரோட்டுலயே கூட்டம் மறிச்சிரும். ரோட்டோரத்து வீட்டுக்கு அஞ்சு தடவை அரிசி வந்துச்சு, ரெண்டு கிலோமீட்டர் உள்ள இருந்த காலனித் தெருவுக்கு ஒரு வாரம் ஆகியும் ஒண்ணும் போகல. தோப்புல காவலுக்கு இருந்த குடும்பங்க, சொந்த நிலம் இல்லாத கூலிக்காரங்க, இவங்க பேரு எந்த லிஸ்டுலயும் வர்றதில்ல. அதனால எந்த வழியில உதவினாலும் நான் முதல்ல கேக்குற கேள்வி, ரோட்டுல இருந்து எவ்ளோ தூரம் உள்ள போவீங்க?

இப்ப பணத்துக்கு வர்றேன். பணத்துல மூணு வழி இருக்கு, தெரிஞ்சவங்களுக்கு நேரா அனுப்புறது, தொண்டு அமைப்புக்கு குடுக்குறது, முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு குடுக்குறது. மூணும் மூணு வேலை செய்யும், ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து கிடையாது.

வேகம்னு பாத்தா நேரா அனுப்புறதுதான். உங்க வீட்டுல வேலை பாக்குற அக்கா, ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன், கூடப் படிச்ச பையன், இவங்க ஊரு அடிபட்டுச்சுன்னா எந்த நிதிக்கும் யோசிக்கவே வேணாம், முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க. ஜிபே பண்ணினா பத்து நிமிஷத்துல அங்க இருக்கும், எதுக்கு வேணும்ங்கறதை அவங்களே முடிவு பண்ணிப்பாங்க, ரசீது படிவம் எதுவும் வேணாம். ஆனா டவர் இருக்கணும், ஏடிஎம் ஓடணும், கஜாவுல எங்களுக்கு முதல் நாலஞ்சு நாள் ரெண்டுமே இல்ல, யாராவது கையில காசு கொண்டு வந்தாத்தான். பெரிய குறை வேற ஒண்ணு, இந்த வழி சிட்டியில ஆள் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் போகும். யாரையும் தெரியாதவங்களுக்கு யாரும் ஜிபே பண்ண மாட்டாங்க.

அந்த இடத்துலதான் தொண்டு அமைப்பு வேணும். நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, புயலுக்கு முன்னாடியே அந்தப் பகுதியில வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவங்களா? இருந்தா எந்தத் தெருவுல விதவை தனியா இருக்காங்க, எந்த வீட்டுல படுத்த படுக்கையா ஆள் இருக்குன்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரியும், அடுத்த வருஷமும் அங்கதான் இருப்பாங்க. புயலுக்கு அப்புறம் பேனர் அடிச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்ல. பணம் போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேளுங்க, எந்த ஊர்ல வேலை செய்றீங்க, அங்க உங்க ஆள் யாரு, இந்தப் பணத்துல என்ன வாங்குவீங்க. இதுக்கு பட்டுனு பதில் வந்தா நல்ல அமைப்பு. அமைப்பு பேர்ல இருக்குற பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் அனுப்பணும், தனி ஆளோட நம்பருக்கு வேணாம்.

முதலமைச்சர் நிதியைப் பத்தி நிறைய பேருக்கு ஒரு தயக்கம் இருக்கு, நம்ம பணம் நேரா அந்த ஊருக்குப் போகுமான்னு. உண்மைதான், இந்தத் தெருவுக்குன்னு சொல்லிக் குடுக்க முடியாது, வேகமும் குறைவு. ஆனா அளவுன்னு ஒண்ணு இருக்குல்ல. 2023 டிசம்பர்ல சென்னையிலயும் தெக்கயும் ரேஷன் கடை வழியா குடும்பத்துக்கு 6,000 ரூபா குடுத்தாங்க, அந்த மாதிரி லட்சக்கணக்கான வீட்டுக் கதவுக்குப் போற அமைப்பு அரசாங்கத்தைத் தவிர யார்கிட்டயும் இல்ல. இடிஞ்ச வீட்டைக் கட்டித் தர்றது, செத்துப் போனவங்க குடும்பத்துக்கு பணம், இதெல்லாம் ஒரு டிரஸ்டால தாங்குற வேலை கிடையாது. யாரையும் தெரியாது, விசாரிக்க நேரமும் இல்லன்னா கண்ணை மூடிக்கிட்டு இதுலயே போடலாம்னுதான் நான் சொல்லுவேன். பிரதமர் நிவாரண நிதி 1948ல இருந்தே இருக்கு, பிஎம் கேர்ஸ் 2020ல வந்துச்சு, ரெண்டுமே நாடு முழுக்க. நம்ம மாவட்டத்து வெள்ளத்துக்குன்னா மாநில நிதிதான் கிட்டக்க.

வரிச் சலுகையையும் சொல்லிடுறேன், ஆபீஸ்ல இதைத்தான் முதல்ல கேப்பாங்க. வருமான வரியில நாம 80ஜின்னு பழகின கழிவுல, முதலமைச்சர் நிதி, பிரதமர் நிதிக்கெல்லாம் குடுத்தது முழுசும் கழியும். தொண்டு அமைப்புன்னா பொதுவா பாதிதான், அதுக்கும் வருமானத்துல 10 சதவீதம்னு ஒரு வரம்பு இருக்கு, அவங்ககிட்ட சர்டிபிகேட் கேட்டு வாங்கிக்கணும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா கழிவு கிடையாது, சாமானாக் குடுத்தாலும் கிடையாது. புது வரி முறையில இருக்கீங்கன்னா இந்தக் கழிவே இல்ல, அதனால இப்ப நிறைய பேருக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது.

வெளிநாட்டுல இருக்குறவங்க கேக்குறது வேற. இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்து சொந்த சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா பிரச்சினை இல்ல, அதை வெளிநாட்டு நன்கொடையா எடுத்துக்க மாட்டாங்க. சிங்கப்பூர், கனடான்னு குடியுரிமை மாத்திட்டவங்க தொண்டு அமைப்புக்கு குடுக்கணும்னா எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க அரசாங்கத்துக்கிட்ட பண்ணின பதிவு, இருக்குற அமைப்புக்குத்தான் குடுக்க முடியும். இது தெரியாம ஒரு சின்ன டிரஸ்டுக்கு அனுப்பிட்டா மாட்டிக்கிறது அந்த டிரஸ்டுதான்.

போலி விஷயத்துல கொஞ்சம் நிதானம் வேணும். வயநாடு நேரத்துல க்யூஆர் கோடை யாரும் தப்பாப் பயன்படுத்திடக் கூடாதுன்னு கேரள அரசே தன் நிவாரண நிதியோட க்யூஆர் கோடை எடுத்துட்டாங்க. ஒரு அரசாங்கமே அப்படிப் பயப்படுதுன்னா ஃபார்வர்ட்ல வர்ற கோடை நாம நம்பவே கூடாது. சைட் பேரை நீங்களே டைப் பண்ணுங்க, அரசு சைட்னா கடைசியில ஜிஓவி டாட் இன் இருக்கான்னு பாருங்க, பணம் போறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல வர்ற பேரைப் படிங்க. கிரவுட் ஃபண்டிங் சைட்ல போடுறதா இருந்தா, கடைசியில டிப்னு ஒரு தொகை தானாச் சேர்ந்திருக்கும், அது சைட்டுக்குப் போறது, வேணாம்னா எடுத்துட்டுக் குடுக்கலாம்.

நேர்ல போறது பத்தி நிறைய பசங்க கேக்குறாங்க, லீவு போட்டுட்டு கிளம்பிடலாமான்னு. முதல் வாரத்துல போகாதீங்கன்னு சொல்றதுக்கு எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இருபது பேர் வந்தா இருபது பேருக்கும் சோறு, தண்ணி, படுக்க இடம் அந்த ஊருதான் குடுக்கணும், எங்க ஊர்ல வந்தவங்களுக்குப் போடாம சாப்பிட மாட்டாங்க, இல்லாத அரிசியையும் கடன் வாங்கிப் பொங்கிருவாங்க. கைத்தொழில் தெரிஞ்சவங்க உடனே வரலாம். எலக்ட்ரீஷியன், பிளம்பர், மோட்டார் மெக்கானிக், நர்ஸ், மரம் அறுக்கத் தெரிஞ்சவங்க. கஜாவுக்கு வெளி மாவட்டத்துல இருந்து, கேரளாவுல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து இடுப்பளவு சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க, அவங்களை எங்க ஊரு இன்னைக்கும் பேசும். மத்தவங்க ரெண்டு வாரம் கழிச்சு, உங்க சாப்பாடு உங்க பாய் எல்லாம் கொண்டு வந்து, ஒரு உள்ளூர் ஆள் சொல்ற வேலையைச் செய்ங்க. வீட்டுச் சேறு அள்ளுறதுதான் பெரும்பாலும் இருக்கும், காலுக்கு பூட்ஸ் போட்டுக்கோங்க, சேத்துத் தண்ணியில எலிக் காய்ச்சல் வரும்.

ரத்தம் குடுக்கவும் நிறைய பேர் ஓடுவாங்க. ரயில் விபத்துன்னா அது உயிர் காக்கும், 2023 ஜூன்ல ஒடிசா பாலசோர்ல ராத்திரியோட ராத்திரியா ஜனங்க வரிசையில நின்னாங்க. புயல் வெள்ளத்துக்கு அவ்ளோ ரத்தம் அன்னைக்கே தேவைப்படாது, எடுத்து வச்சாலும் ஒரு மாசம், கொஞ்சம் கூட அவ்ளோதான் தாங்கும், எல்லாரும் ஒரே நாள்ல குடுத்துட்டா அடுத்த மூணு மாசத்துக்கு ஆம்பளைங்க குடுக்க முடியாது, பொம்பளைங்களுக்கு நாலு மாசம். அதனால பிளட் பேங்க்ல கேட்டுட்டுப் போங்க, வேணாம்னா பேரைக் குடுத்துட்டு வந்திருங்க.

எந்த வழியா இருந்தாலும் எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுறது எப்போ குடுக்குறோம்ங்கறது. முதல் வாரம் டிவியில காட்டுவாங்க, எல்லாரும் குடுப்பாங்க. மூணாவது மாசம் யாரும் இருக்க மாட்டாங்க, வீட்டுல கையிருப்பு தீர்றது அப்பத்தான். 2019 பிப்ரவரியில சென்னையில இருந்து என் பழைய ரூம்மேட் எங்க அம்மாவுக்கு போன் பண்ணி, இப்ப என்னம்மா வேணும்னு கேட்டான். போர் மோட்டாருக்கு காயில் கட்டணும்பா, 4,500 கேக்குறாங்கன்னு அம்மா சொன்னாங்க. கடைக்காரர் நம்பரை வாங்கி கடைக்கே பணத்தைப் போட்டுட்டான். அந்த மோட்டார்ல மூணு வீட்டுத் தோட்டத்துக்கு தண்ணி பாஞ்சுது. அதுல இருந்து நான் 5,000 குடுக்குறதா இருந்தா 2,000 தெரிஞ்சவங்களுக்கோ உள்ளூர் அமைப்புக்கோ உடனே, 1,000 முதலமைச்சர் நிதிக்கு, மீதி 2,000ஐ தொடாம வச்சிருந்து பொங்கல் கழிச்சு கேட்டுட்டுக் குடுப்பேன். ஸ்கூல் ஃபீஸ், பரீட்சைக் கட்டணம், தையல் மெஷின் ரிப்பேர், கன்னு வாங்க, ஏதோ ஒண்ணு அப்ப நிச்சயம் இருக்கும். அபார்ட்மென்ட்லயோ ஆபீஸ்லயோ லட்சக் கணக்குல சேந்துச்சுன்னா பத்து இடத்துக்குப் பிரிக்காதீங்க, ஒரு சின்ன ஊரையோ ஒரு ஸ்கூலையோ எடுத்துக்கிட்டு ஒரு வருஷம் கூட நில்லுங்க.

கையில காசே இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, இதை யாருமே உதவிக் கணக்குல சேக்குறதில்ல. மனு எழுதிக் குடுக்குறது. வெள்ளத்துல ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மார்க்‌ஷீட் எல்லாம் போயிரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு படிவம், ஒரு முகாம், ஒரு கையெழுத்து. படிக்கத் தெரியாதவங்க வரிசையில நின்னுட்டு அந்தப் பேப்பர் இல்லன்னு திரும்பி வருவாங்க. கஜாவுக்கு தென்னை மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, மொத்தம் மரத்துக்கு 1,100னு அரசாங்கம் அறிவிச்சுது. எங்க தோப்புல முதல்ல எடுத்த கணக்குல 96 மரம்தான் வந்துச்சு, சாய்ஞ்சது மட்டும். நின்னுக்கிட்டு இருந்தாலும் குருத்து திருகிப்போன மரம் ரெண்டு மாசத்துல மட்டை தொங்கிச் செத்துரும், அதைச் சேக்கல. அப்பாவுக்கு யார்கிட்ட என்ன எழுதணும்னு தெரியல, விடுடா போகட்டும்னுட்டார்.

அப்ப பட்டுக்கோட்டையில காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு, தன் ஊர்லயும் வீடு போயிருந்துச்சு, தெருத் தெருவா வந்து மனு எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு சாயங்காலம் அப்பா கூடத் தோப்புல நடந்து, ஒவ்வொரு மரத்துலயும் சுண்ணாம்பால நம்பர் போட்டு, போன்ல படம் எடுத்து, திண்ணையில உக்காந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்துல எழுதிச்சு. மொத்தம் 143. அதிகாரிங்க மறுபடி வந்து பாத்து சேத்துக்கிட்டாங்க. கூட வந்த 47 மரத்துக்கு 51,700 ரூபா. அந்தப் பொண்ணுக்கு ஆன செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான்.

அந்தப் பணத்துல வச்ச கன்னு எல்லாம் இப்ப காய்க்குது. மனுவோட ஜெராக்ஸ் அப்பா பெட்டியில இருக்கு, ஆனா அதுல அந்தப் பொண்ணு பேரு இல்ல, நம்பரும் வாங்கி வைக்கல. பட்டுக்கோட்டைக்கு உரம் வாங்கப் போறப்பெல்லாம் அப்பா இன்னும் விசாரிச்சுக்கிட்டுதான் வர்றார்.